அப்பாவுக்கு ஹார்ட் நின்னு திரும்பி வந்துச்சு, நாலு நாளா கண் முழிக்கல, எப்ப முடிவு பண்றது டாக்டர்?

கேள்வி:

டாக்டர் வணக்கம். எங்க ஊர் திருநெல்வேலி. அப்பாவுக்கு 58 வயசு. ஞாயித்துக்கிழமை காலையில வாசல்ல பைக் துடைச்சிட்டு இருந்தவர் அப்படியே சாஞ்சிட்டார். எதிர் வீட்டு காலேஜ் பையன் ஓடி வந்து நெஞ்சை அமுக்க ஆரம்பிச்சான், அதுக்குள்ள 4, 5 நிமிஷம் போயிருக்கும். 108ல கொண்டு போய் ஆஸ்பத்திரில ரெண்டு தடவை ஷாக் குடுத்து 7.40க்கு ஹார்ட் திரும்பி துடிச்சுதுன்னு சொன்னாங்க. விழுந்ததுல இருந்து 25 நிமிஷம் இருக்கும். அன்னைக்கே ஸ்டென்ட் வச்சாங்க. ஆனா கண்ணே முழிக்கல, வென்டிலேட்டர்லதான் இருக்கார். மிடாஸோலம்னு தூக்க மருந்து ஓடிட்டே இருந்துச்சு, புதன்கிழமை ராத்திரி நிறுத்துனாங்க. கிரியாட்டினின் 3.1. செவ்வாய்க்கிழமை மூளை அலையைப் பாக்க எடுத்த இஇஜி சரியில்லையாம், என்எஸ்இன்னு ஒரு ரத்த டெஸ்ட் 71 வந்திருக்கு. இன்னைக்கு வியாழக்கிழமை காலையில கூப்பிட்டு, மூளை ரொம்ப பாதிச்சிருக்கு, சான்ஸ் கம்மி, வீட்ல பேசி ஒரு முடிவுக்கு வாங்கன்னு சொல்லிட்டாங்க. அண்ணன் மூளைச்சாவு மாதிரிதான், கஷ்டப்படுத்தாம வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடலாம்ங்கறான். அம்மா, அவர் என் கையை இறுக்கிப் பிடிக்கிறார்டி, உங்களுக்குத்தான் தெரியலன்னு அழுறாங்க. முகத்துலயும் தோள்லயும் அப்பப்ப வெட்டி வெட்டி இழுக்குது. நான் யார் சொல்றதை நம்பறது டாக்டர்? ரிப்போர்ட் எல்லாம் போட்டோ எடுத்து அனுப்பியிருக்கேன்.

(பெயர் வேண்டாம்னு கேட்டுக்கிட்ட ஒரு மகள்)

பதில்:

வணக்கம்மா. உங்க மெயில் நேத்து ராத்திரிதான் பாத்தேன், போட்டோ எல்லாத்தையும் பெருசாக்கி ஒண்ணு விடாம படிச்சேன். சுத்தி வளைக்காம முதல்ல பதிலைச் சொல்லிடறேன். இன்னைக்கு வெள்ளிக்கிழமை, உங்க அப்பா விஷயத்துல முடிவு பண்ற நாள் இன்னும் வரல. இதை நல்லாயிடுவார்னு நான் சொல்றதா எடுத்துக்காதீங்க, அப்படிச் சொல்ல என்கிட்ட ஆதாரம் இல்ல, நான் அவரைத் தொட்டுப் பாக்கவும் இல்ல, பக்கத்துல நின்னு பாக்கறவர் உங்க ஐசியு டாக்டர்தான். ஆனா தேறமாட்டார்னு சொல்றதுக்கும் நீங்க அனுப்பின பேப்பர்ல ஆதாரம் இல்ல. ரெண்டும் சொல்ல முடியாத ஒரு இடம் இருக்கும்மா, நிறைய குடும்பங்க அங்கதான் வந்து நிக்குது, அங்க செய்ய வேண்டிய வைத்தியமே காத்திருக்கறதுதான், அதுவும் சும்மா காத்திருக்கறது இல்ல, எதை எந்த நாள்ல பாக்கணும்னு தெரிஞ்சு காத்திருக்கறது.

என்ன நடந்துச்சுன்னு கொஞ்சம் சொல்றேன். ஹார்ட் நின்னா 10, 15 செகண்ட்ல நினைவு போயிடும், நாலஞ்சு நிமிஷத்துல மூளை செல்லுங்க சேதமாக ஆரம்பிக்கும். ஆனா மூளையோட எல்லா பகுதியும் ஒரே மாதிரி பட்டினி தாங்காது. ஞாபகத்தைப் பாத்துக்கற பகுதி, யோசிக்கற மேல்பரப்பு, நடையைச் சமாளிக்கற சிறுமூளை, இதெல்லாம் சீக்கிரம் அடி வாங்கும், கீழ இருக்கற மூளைத்தண்டு ரொம்ப தாக்குப் பிடிக்கும். அதனாலதான் சில பேர் தானா மூச்சு விடுவாங்க, இருமுவாங்க, கண்ணைக்கூட திறப்பாங்க, ஆனா கூப்பிட்டா திரும்ப மாட்டாங்க. எதிர் வீட்டுப் பையன் நெஞ்சை அமுக்கினான் பாருங்க, அது முழு ரத்த ஓட்டம் கிடையாது, வழக்கமா போறதுல ஒரு பங்குதான் போகும், ஆனா அந்த ஒரு பங்குதான் அந்த 20 நிமிஷத்தைத் தாண்ட வச்சிருக்கு. ஷாக் குடுத்து சரியாகற வகை ரிதம்ங்கறதும் அவருக்குச் சாதகமான விஷயம். அந்தப் பையன்கிட்ட நீ செஞ்சது சரின்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க, இந்த மாதிரி நேரத்துல அமுக்கின ஆள் நாம தப்பா பண்ணிட்டோமோன்னு உள்ளுக்குள்ள வெந்துட்டு இருப்பாங்க.

இப்ப, தேறுவாரா மாட்டாரான்னு சொல்றதுக்கு முன்னாடி நாங்க விடற 72 மணி நேரக் கணக்குக்கு வரேன், ஏன்னா குழப்பமே இங்கதான். இந்தக் கணக்கு விழுந்த நேரத்துல இருந்து இல்ல, ஹார்ட் திரும்பி துடிச்ச நேரத்துல இருந்து. உங்க அப்பாவுக்கு ஞாயிறு காலை 7.40ன்னா புதன் காலை 7.40க்கு 72 மணி நேரம் முடிஞ்சுது. அதனால வியாழக்கிழமை பாத்துச் சொன்னா சரிதானேன்னு தோணும். இல்லம்மா. 72ங்கறது அதுக்கு முன்னாடி சொல்லாதேன்னு ஒரு வேலி, அது தாண்டின உடனே சொல்லிடணும்னு அர்த்தம் கிடையாது. தூக்க மருந்து உடம்புல இருந்து போயிருக்கணும், தசையைத் தளர்த்தற மருந்து போயிருக்கணும், சோடியம், சுகர், பிபி, காய்ச்சல் எல்லாம் ஒரு நிலைக்கு வந்திருக்கணும், அப்பதான் பரிசோதனை மூளையைக் காட்டும், இல்லன்னா மருந்தைத்தான் காட்டும்.

உங்க கடிதத்துல என் கண்ணுல பட்டது ரெண்டு விஷயம், மிடாஸோலம் புதன் ராத்திரிதான் நின்னிருக்கு, கிரியாட்டினின் 3.1, அதாவது கிட்னி சரியா வேலை செய்யல. மிடாஸோலம் சீக்கிரம் போயிடற மருந்துன்னு பேரு, ஆனா மூணு நாள் தொடர்ந்து ஓடினா அது கொழுப்புல போய் உக்காந்துக்கும், கல்லீரல் அதை உடைச்ச பிறகு வர்ற பொருளுக்கும் தூங்க வைக்கற சக்தி உண்டு, அதை வெளிய தள்ள வேண்டியது கிட்னி, கிட்னி சோர்ந்து போயிருந்தா அது உள்ளயே சுத்திட்டு இருக்கும். ஒரு மருந்தோட அளவு பாதியாக எவ்ளோ நேரம் ஆகுமோ அதைப்போல அஞ்சு மடங்கு நேரமாவது விடணும்ங்கறது கணக்கு, கிட்னி சரியில்லாதவருக்கு அந்த ஒரு பாதியே ரொம்ப நீளும். வியாழன் காலையில பாத்தது மருந்து நின்னு 12 மணி நேரத்துக்குள்ள. அந்தப் பரிசோதனையை நான் கணக்குல எடுத்துக்க மாட்டேன்.

இதை நான் படிச்சு மட்டும் சொல்லல. பத்து வருஷத்துக்கு மேல ஆச்சு, அப்ப நான் வேலை பாத்த ஒரு ஆஸ்பத்திரில 46 வயசு லாரி மெக்கானிக் ஒருத்தர், இதே மாதிரி விழுந்து வந்தவர், அவருக்கும் கிட்னி கெட்டிருந்துச்சு. நாலாம் நாள் நான்தான் அவர் மனைவியை உக்கார வச்சு, இனிமே எதிர்பார்க்காதீங்கம்மான்னு சொன்னேன். அந்த அம்மா ஒண்ணும் பேசல, தம்பி வரட்டும் சார்னு மட்டும் சொன்னாங்க. தம்பி துபாய்ல இருந்து வர மூணு நாள் ஆச்சு, அதுக்குள்ள ரெண்டு தடவை டயாலிசிஸ் போச்சு. ஏழாம் நாள் காலையில வாய் துடைச்சு விட வந்த நர்ஸ் பேர் சொல்லிக் கூப்பிட்டதும் கண்ணைத் திறந்து அவங்க குரல் வந்த பக்கம் பாத்தார். பத்தாம் நாள் டியூப் எடுத்தோம், தண்ணி கேட்டார். தம்பிக்கு ஃபிளைட் டிக்கெட் சீக்கிரம் கிடைச்சிருந்தா என்ன ஆகியிருக்கும்னு இன்னைக்கும் நினைச்சுப் பாக்கறேன். அதுக்கப்புறம் மருந்து எப்ப நின்னுச்சுன்னு சார்ட்டைப் புரட்டாம நான் எந்தக் குடும்பத்துகிட்டயும் வாயைத் திறக்கறதில்ல.

எல்லாரும் அப்படி எழுந்து வரமாட்டாங்க, அதையும் சொல்லிடணும். எழுந்து வர்றவங்கள்ல பெரும்பாலானவங்க முதல் சில நாள்லயே எழுந்துடுவாங்க, நாள் போகப் போக வாய்ப்பு குறையத்தான் செய்யும். ஆனா ஒரு வாரம், பத்து நாள் கழிச்சு எழுந்து வீட்டுக்கு நடந்து போனவங்களும் உண்டு, அது வயசானவங்க, கிட்னி கெட்டவங்க, தூக்க மருந்து நிறைய போனவங்ககிட்ட அதிகம். உங்க அப்பா அந்தக் கூட்டத்துல வர்றார்.

இப்ப ஒவ்வொரு டெஸ்ட்டா பாப்போம்.

முதல்ல கையால பாக்கற பரிசோதனை, மிஷின் எதுவும் வேண்டாம். டார்ச் அடிச்சு கண்பாவை சுருங்குதான்னு பாப்பாங்க, கருவிழி மேல சலைன் ஒரு சொட்டு விட்டோ பஞ்சு நுனியால தொட்டோ இமை மூடுதான்னு பாப்பாங்க, அப்புறம் நகத்துல பேனாவை வச்சு அழுத்தி இல்லன்னா புருவத்து மேல கட்டைவிரலால அழுத்தி கை என்ன செய்யுதுன்னு பாப்பாங்க. கடைசியா சொன்னதுக்குத்தான் மோட்டார் ஸ்கோர்னு பேரு. சொன்னதைச் செஞ்சா 6, வலிக்கற இடத்தைத் தேடி கை வந்தா 5, வலியில இருந்து கையை இழுத்துக்கிட்டா 4, கை விறைப்பா மடங்கினா 3, நீட்டி விறைச்சா 2, அசைவே இல்லன்னா 1. நீங்க அனுப்பின நோட்ஸ்ல கண்பாவை ரெண்டும் சுருங்குது, இமை மூடுது, மோட்டார் 3ன்னு இருக்கு. 72 மணிக்கப்புறமும் கண்பாவையும் அசையல, கருவிழி தொட்டாலும் இமை மூடலன்னா அது ரொம்ப கெட்ட அறிகுறி. அது உங்க அப்பாவுக்கு இல்ல. இருக்கறதால தேறிடுவார்னும் அர்த்தமில்ல, மூளைத்தண்டு உயிரோட இருக்குன்னு மட்டும் அர்த்தம். அந்த 3, தூக்க மருந்து போன பிறகும் 3ஆவே நிக்குதா, 4, 5ன்னு ஏறுதான்னுதான் நான் பாப்பேன்.

அடுத்து இஇஜி. சரியில்லன்னு சொன்னாங்கன்னு எழுதியிருக்கீங்க, ரிப்போர்ட்டைப் படிச்சேன், மெதுவான அலைகள், விடாம தொடர்ந்து இருக்குன்னுதான் போட்டிருக்கு. இது சாதாரண ஆளோட இஇஜி இல்லதான். ஆனா நாங்க பயப்படற இஇஜி வேற. கோடு கிட்டத்தட்ட படுத்தே கிடக்கும், இல்லன்னா கொஞ்ச நேரம் படுத்துக் கிடந்து திடீர்னு ஒரு கொத்தா அலை எழும்பி மறுபடி படுத்துடும், ஹார்ட் திரும்பி 24 மணி நேரத்துக்கு மேல ஆகியும் அப்படி இருந்தாத்தான் கெட்டதுன்னு சொல்லுவோம். மெதுவா இருந்தாலும் அறுந்து போகாம ஓடிட்டே இருக்கற அலை அந்தக் கெட்ட கணக்குல வராது, சீக்கிரமே அப்படி தொடர்ச்சியான அலை வந்தவங்க தேறினதைத்தான் அதிகம் பாத்திருக்கோம். அதுவும் இது எடுத்தது செவ்வாய்க்கிழமை, மிடாஸோலம் ஓடிட்டு இருக்கும்போது, மருந்தே அலையை அமுக்கும். மறுபடி ஒரு தடவை எடுக்கணும், எடுக்கும்போது பேர் சொல்லிக் கூப்பிட்டு, கிள்ளிப் பாத்து, அலை மாறுதான்னு குறிக்கச் சொல்லுங்க.

என்எஸ்இ 71. இந்த நம்பர்தான் உங்க வீட்டையே உலுக்கியிருக்குன்னு நினைக்கறேன். என்எஸ்இங்கறது நரம்பு செல்லுக்குள்ள இருக்கற ஒரு என்சைம், செல் உடைஞ்சா ரத்தத்துல வழியும், எவ்ளோ வழிஞ்சுதோ அவ்ளோ சேதம்னு கணக்கு. 2006ல அமெரிக்க நரம்பியல் டாக்டர்கள் சங்கம் வெளியிட்ட வழிகாட்டில 33ஐத் தாண்டினா தேறமாட்டாங்கன்னு இருந்துச்சு. அப்புறம் 33ஐத் தாண்டினவங்களே எழுந்து உக்காந்தாங்க, 2021ல ஐரோப்பிய வழிகாட்டி 48 இல்லன்னா 72 மணி நேரத்துல 60க்கு மேலன்னு ஏத்திடுச்சு, அதையும் தனியா வச்சு முடிவு பண்ணாதேன்னுதான் எழுதியிருக்கு. ஒரே டெஸ்ட், நம்பர் மட்டும் கிட்டத்தட்ட இரட்டிப்பு. நடுவுல உள்ளவங்கள்ல எத்தனை பேர் விஷயத்துல அவசரப்பட்டிருப்போம்னு யோசிச்சா மனசு கனத்துப் போகுது.

இதுல இன்னொண்ணு. இந்த என்சைம் நரம்பு செல்லுல மட்டும் இல்ல, சிவப்பணுக்குள்ளயும் இருக்கு. ரத்தம் எடுக்கும்போது ஊசியில செல் உடைஞ்சிட்டா, சாம்பிள் நேரத்துக்கு லேபுக்குப் போகாம இருந்தா, மூளையில இருந்து வராத என்எஸ்இயும் சேந்து கூடுதலா காட்டும். நீங்க அனுப்பின லேப் ஷீட்டோட கீழ் மூலையில, நம்பருக்கு அடுத்த வரியில பொடி எழுத்துல ஒரு குறிப்பு இருக்கு, திருப்பி எடுத்துப் பாருங்க, ஹீமோலைஸ்டு, ஒரு பிளஸ்னு போட்டிருக்கு. சாம்பிள்ல சிவப்பணு உடைஞ்சிருக்குன்னு லேப்காரங்களே எழுதிட்டாங்க. அந்த 71ஐ நான் ஒதுக்கி வச்சிடுவேன். ஒரே ஒரு தடவை எடுத்ததை விட 24, 48, 72ன்னு எடுத்து ஏறுதா இறங்குதான்னு பாக்கறதுலதான் விஷயம் இருக்கு, ஏறிட்டே போனா கவலைப்படணும். இப்ப அந்த நேரம் கடந்து போச்சு, பரவால்ல, வேற வழி இருக்கு.

அந்த வேற வழில நான் ரொம்ப நம்பறது எஸ்எஸ்இபி. மணிக்கட்டுல ரெண்டு எலக்ட்ரோடு ஒட்டி நரம்புல சின்ன சின்ன கரன்ட் குடுப்பாங்க, கட்டைவிரல் லேசா துடிக்கும், அந்த சிக்னல் கை, தோள், முதுகுத்தண்டு வழியா ஏறி சுமார் 20 மில்லிசெகண்ட்ல மூளை மேல்பரப்புக்குப் போய் ஒரு அலையா பதியும், அதுக்கு என்20ன்னு பேரு. தூக்க மருந்து இஇஜியைக் கெடுக்கற மாதிரி இதை அவ்வளவா கெடுக்காது. ரெண்டு பக்கமும் அந்த அலை வரவே இல்லன்னா, டெஸ்ட்டும் ஒழுங்கா எடுத்திருந்தா, அவங்க எழுந்து வர்றது மிக மிக அரிது. வந்திருந்தா? அப்பவும் உறுதி இல்ல, அலை இருந்தும் எழுந்து வராதவங்க நிறைய பேர். இந்தத் துறைல இருக்கற டெஸ்ட்ல முக்கால்வாசி இப்படித்தான், கெட்டதைச் சொல்லத் தெரிஞ்ச அளவு நல்லதைச் சொல்லத் தெரியாது. எஸ்எஸ்இபி எல்லா ஊர்லயும் கிடையாது, நியூராலஜி துறை பெருசா இருக்கற இடத்துலதான் இருக்கும், உங்க ஆஸ்பத்திரில இருக்கான்னு கேளுங்க, பெட் பக்கத்துலயே கொண்டு வந்து எடுக்கலாம்.

சிடி ஸ்கேன் முதல் நாள் நார்மல்னு இருக்கு, அது மூளையில ரத்தக்கசிவு இல்லன்னு தெரிஞ்சுக்க எடுத்தது, அவ்ளோதான். எம்ஆர்ஐ ரெண்டாம் நாள்ல இருந்து ஏழாம் நாளுக்குள்ள எடுத்தா சேதம் எந்த அளவு பரவியிருக்குன்னு தெரியும், இன்னும் உங்களுக்கு ஞாயித்துக்கிழமை வரைக்கும் நேரம் இருக்கு. ஸ்டென்ட் வச்சவருக்கு எம்ஆர்ஐ எடுக்கலாமான்னு பயப்படுவீங்க, இதயத்துல வைக்கற ஸ்டென்ட்டுக்கு எம்ஆர்ஐ ஒண்ணும் செய்யாது. வென்டிலேட்டரோட கீழ கொண்டு போய்க் கொண்டு வர்றதுலதான் ரிஸ்க், பிபி நிலையா இருக்கான்னு உங்க டாக்டர் பாத்து முடிவு பண்ணட்டும்.

வெட்டி வெட்டி இழுக்கறது. இதுல ரெண்டு வகை இருக்கு, ரெண்டையும் குழப்பிக்கிட்டா பெரிய தப்பாயிடும். முதல் 72 மணி நேரத்துக்குள்ள உடம்பு முழுக்க, அரை மணி நேரத்துக்கு மேல நிக்காம துள்ளிட்டே இருக்கறது ஒரு வகை, அது கெட்ட அறிகுறிகள்ல ஒண்ணு. அப்பப்ப முகத்துலயும் தோள்லயும் வந்து போறது அந்தக் கணக்குல வராது. 1963லயே லான்ஸ், ஆடம்ஸ்னு ரெண்டு டாக்டர்கள் எழுதி வச்சிருக்காங்க, மூளைக்கு ஆக்சிஜன் போகாம இருந்து பிறகு நினைவு திரும்பினவங்களுக்கு கையை நீட்டினா, எதையாவது எடுக்கப் போனா உடம்பு வெட்டும், அவங்க நல்லா பேசுவாங்க, புரிஞ்சுக்குவாங்க. தூக்க மருந்து குடுத்து வச்சா இவங்க கூட நினைவு இல்லாதவங்க மாதிரிதான் தெரிவாங்க. அதனால இழுப்பு வரும்போது இஇஜி எடுக்கணும், லெவெடிரசிட்டம், வால்ப்ரோயேட் மாதிரி தூக்கம் கம்மியா குடுக்கற மருந்தா போட்டுப் பாக்க முடியுமான்னு கேக்கணும். இழுப்பை நிறுத்தறேன்னு மறுபடி மிடாஸோலம் ஓட்டினா நாம திரும்பவும் ஞாயித்துக்கிழமைக்கே போயிடுவோம்.

இத்தனையும் எப்படிச் சேத்துப் பாக்கறதுன்னா, 2021 ஐரோப்பிய வழிகாட்டி சொல்றது இதுதான்: 72 மணி நேரம் தாண்டி, மருந்து எல்லாம் போன பிறகும் மோட்டார் 3 இல்லன்னா அதுக்குக் கீழ இருக்கணும், அதோட கண்பாவை கருவிழி ரெண்டும் வேலை செய்யாம இருக்கறது, என்20 ரெண்டு பக்கமும் வராம இருக்கறது, கெட்ட வகை இஇஜி, என்எஸ்இ 60க்கு மேல, நிக்காத இழுப்பு, ஸ்கேன்ல பரவலான சேதம், இதுல குறைஞ்சது ரெண்டாவது சேந்து இருக்கணும். அப்பதான் தேறமாட்டார்னு சொல்ல இடம் உண்டு. ரெண்டு இல்லன்னா காத்திருந்து மறுபடி பாரு. உங்க அப்பாவுக்கு எண்ணிப் பாருங்க. கண் வேலை செய்யுது, இஇஜி கெட்ட வகை இல்ல, இழுப்பு அந்த வகை இல்ல, எம்ஆர்ஐயும் எஸ்எஸ்இபியும் எடுக்கவே இல்ல, மிச்சம் அந்த 71 ஒண்ணுதான், அதுலயும் சாம்பிள் உடைஞ்சது. ரெண்டு எங்கம்மா இருக்கு?

இவ்ளோ கறாரா வழிகாட்டி எழுத ஒரு காரணம் இருக்கு. தேறமாட்டார்னு டாக்டர் சொல்றார், குடும்பம் நம்பி மிஷினை எடுக்கச் சொல்லுது, அவர் இறந்துடறார், பாத்தீங்களா சொன்னது நடந்துச்சுன்னு அந்த டெஸ்ட்டுக்கு இன்னும் ஒரு மார்க் கூடிடுது. டெஸ்ட் சரியா இருந்துச்சா, இல்ல நாம அதை நம்பினதால அப்படி ஆச்சான்னு பிறகு யாராலயும் பிரிக்க முடியாது. 1985ல 210 நோயாளிகளை வச்சு வந்த ஒரு ஆராய்ச்சியை ரொம்ப காலம் இந்தத் துறைல எல்லாரும் பின்பத்தினாங்க, 2002ல உடம்பைக் குளிர வச்சு மூளையைக் காப்பாத்தற வைத்தியம் வந்ததும் அந்தப் பழைய கணக்கு ஆட்டம் கண்டுச்சு, குளிர்ல மருந்து உடம்பை விட்டு மெதுவாத்தான் போகுது, முன்னாடி மூணாம் நாள் சொன்னதை இப்ப அப்படியே சொல்ல முடியல. மிஷினை நிறுத்தற வழக்கம் ரொம்ப குறைவா இருந்த கொரியா, இத்தாலில இருந்து வந்த ஆராய்ச்சிகளை நாங்க தேடித் தேடிப் படிக்கறது அதனாலதான், அங்க நோயாளியோட கதை கடைசி வரைக்கும் போய் முடிஞ்சிருக்கும்.

அம்மா சொல்றதுக்கு வரேன், இதை நீங்க யாரும் தள்ளிவிடக் கூடாது, அதே நேரம் அப்படியே எடுத்துக்கவும் கூடாது. உள்ளங்கையில ஏதாவது பட்டா தானா மூடிக்கற ஒரு அனிச்சை இருக்கு, பிறந்த குழந்தை நம்ம விரலைப் பிடிச்சுக்கும் பாருங்க, மூளையோட மேல்பரப்பு அடிபட்டா பெரியவங்களுக்கும் அது திரும்பி வரும். அம்மாவுக்கு அது அவர் பிடிக்கிற பிடி. அதனால பிடிக்கச் சொல்லிப் பாக்காதீங்க, விடச் சொல்லுங்க. அம்மாவே காது பக்கத்துல போய், அவரை எப்படிக் கூப்பிடுவாங்களோ அப்படிக் கூப்பிட்டு, என் கையை விடுங்கன்னு சொல்லட்டும், ஒரு 20 செகண்ட் பொறுத்துப் பாருங்க, அப்புறம் நாக்கை நீட்டுங்க, கட்டைவிரலைத் தூக்குங்கன்னு சொல்லிப் பாருங்க. சொன்னதும் விடறார், நாலு தடவைல மூணு தடவை விடறார்னா, உடனே நர்ஸைக் கூப்பிட்டுக் காட்டுங்க, போன்ல வீடியோ எடுக்க அனுமதி இருந்தா எடுங்க. இன்னொண்ணும் கவனிங்க, சுகர் பாக்க விரல்ல ஊசி குத்துவாங்க இல்ல, அப்ப கையை வெடுக்குன்னு இழுத்துக்கறாரா, இன்னொரு கையைக் கொண்டு வந்து தட்டி விடறாரா? அதை நேரத்தோட ஒரு நோட்ல எழுதி வைங்க. டாக்டர் ஒரு நாளைக்கு பத்து நிமிஷம் பாக்கறார், அம்மா பாக்கறது நாள் முழுக்க. சில தடவை முதல்ல பாத்தது குடும்பமாத்தான் இருந்திருக்கு.

அண்ணன் மேல கோவப்படாதீங்க. அவர் கேக்கறது அன்புல இருந்து வர்ற கேள்விதான், ஐசியு பில்லும் ஒரு நாளைக்கு எவ்ளோ ஏறுதுன்னு எனக்குத் தெரியும். ஆனா மூளைச்சாவுன்னு அவர் சொல்றது தப்பு, அதை மட்டும் அவருக்குப் புரிய வச்சிடுங்க. மூளைச்சாவுன்னா கண்பாவை அசையாது, இருமல் வராது, வென்டிலேட்டரைக் கழட்டினா ஒரு மூச்சு கூட தானா வராது, 1994 உறுப்பு மாற்றுச் சட்டப்படி நாலு டாக்டர்கள் கொண்ட குழு 6 மணி நேர இடைவெளியில ரெண்டு தடவை சோதிச்சுதான் அதைச் சொல்லணும். உங்க அப்பா டார்ச்சுக்குக் கண் சுருக்கறார், மிஷினோட சேந்து தானாவும் மூச்சு இழுக்கறார்னு நோட்ஸ்ல இருக்கு. இது கோமா. ரெண்டும் வேற.

செலவு தாங்கலன்னா வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறதுக்கு முன்னாடி அரசு மெடிக்கல் காலேஜ் ஐசியுவுக்கு மாத்த முடியுமான்னு கேளுங்க, முதலமைச்சர் காப்பீட்டுக் கார்டு இருந்தா அந்த கவுன்ட்டர்லயும் ஒரு வார்த்தை கேளுங்க. வென்டிலேட்டரைக் கழட்டி ஆம்புலன்ஸ்ல ஏத்தி வீட்டு வாசல்ல இறக்கறது நம்ம ஊர்ல சாதாரணமா நடக்குது, கையெழுத்துப் போட்டா முடிஞ்சுதுன்னு நினைக்கறோம், ஆனா பாதி வழியில மூச்சுத் திணறி, வலிக்கு ஒரு மருந்து இல்லாம போறதைப் பாக்கற குடும்பம் அதை ஆயுசுக்கும் மறக்காது. நாளைக்கு நிஜமாவே தேறமாட்டார்னு தெளிவா தெரிஞ்சா, அப்ப முறையா நிறுத்த வழி இருக்கு. 2018 மார்ச் 9ல சுப்ரீம் கோர்ட் அதுக்கு இடம் குடுத்துச்சு, 2023 ஜனவரில நடைமுறையை எளிமையாக்குச்சு, ஆஸ்பத்திரிலயே ஒரு மருத்துவக் குழு, அதைச் சரிபாக்க இன்னொரு குழு, குடும்பத்தோட சம்மதம். அந்தப் பாதையில போனா மூச்சுத் திணறாம, வலி இல்லாம, நீங்க எல்லாரும் பக்கத்துல இருக்க அவரை அனுப்பலாம். எல்லா டெஸ்ட்டும் ஒரே பக்கம் காட்டின ஒரு அம்மாவுக்கு, என்20 இல்ல, இஇஜி படுத்துடுச்சு, கண் அசையல, ஏழாம் நாள் நானே அவங்க பிள்ளைங்ககிட்ட இதுக்கு மேல வேண்டாம்னு சொல்லியிருக்கேன், சொன்னதுல எனக்குச் சந்தேகமே இருந்ததில்ல. அந்தத் தெளிவு உங்க அப்பா விஷயத்துல இன்னைக்கு இல்ல.

எழுந்தா எப்படி இருப்பார்னு நீங்க கேக்கல, ஆனா மனசுல ஓடும். சில பேர் பழைய வேலைக்கே போயிடறாங்க. நிறைய பேருக்கு ஞாபகம் கொஞ்சம் தடுமாறும், சீக்கிரம் களைச்சிடுவாங்க, எதுக்கெடுத்தாலும் அழுகையோ கோவமோ வரும், விழுந்த நாளும் அதுக்கு முன்னாடி சில நாளும் சுத்தமா நினைவுல இருக்காது. சில பேர் கண் திறந்தும் யாரையும் தெரியாம இருந்துடுவாங்க, அதுவும் நடக்கறதுதான். இதைப் பத்தி அந்த நேரம் வந்தா தனியா எழுதறேன்.

நாளைக்கு டாக்டரைப் பாக்கும்போது அண்ணனையும் கூட்டிட்டுப் போங்க, சண்டை போடற தொனி வேண்டாம், அவரும் தெரிஞ்சதைத்தான் சொல்லியிருக்கார், ஒரு ஐசியுல இருபது பெட்டைப் பாத்துட்டு நிக்கற மனுஷன். சார், மிடாஸோலம், வலிக்குக் குடுக்கற ஃபென்டனில் எல்லாம் எத்தனை மணிக்கு நின்னுச்சு, கிட்னி இப்படி இருக்கறதால எத்தனை நாள் விட்டுப் பாக்கலாம், இஇஜி மறுபடி எடுக்கலாமா, எஸ்எஸ்இபி இருக்கா, ஞாயித்துக்கிழமைக்குள்ள எம்ஆர்ஐ முடியுமா, நியூராலஜிஸ்ட் ஒரு தடவை பாக்கட்டுமான்னு கேளுங்க. இதுல எதுவும் அவர் தலை மேல ஏறி உக்கார்ற கேள்வி இல்ல, நல்ல டாக்டர் யாரா இருந்தாலும் உக்கார வச்சு பதில் சொல்வார். அதுவரைக்கும் காய்ச்சல் வராம பாத்துக்கறாங்களான்னு மட்டும் கேட்டுக்கோங்க, அடிபட்ட மூளைக்குக் காய்ச்சல் ஆகாது.

என் கணக்குல உங்க அப்பாவை மறுபடி முழுசா சோதிக்க வேண்டிய நாள் ஞாயிறோ திங்களோ. கிரியாட்டினின் இறங்கலன்னா இன்னும் ரெண்டு நாள் கூட்டிக்கலாம். திங்கட்கிழமை ராத்திரி எனக்கு எழுதுங்க, பெரிய ரிப்போர்ட் எல்லாம் அனுப்பணும்னு இல்ல, மோட்டார் ஸ்கோர் எவ்ளோ, புது இஇஜில என்ன போட்டிருக்கு, அம்மா விடச் சொன்னப்ப கையை விட்டாரா, இந்த மூணும் போதும். எந்நேரமானாலும் அன்னைக்கே பதில் போடறேன்.